பிள்ளையின் மனமும் மருத்துவரின் வாசலும்

(வானொலியில் ஒலிபரப்பான அக்டோபர் மாத மறையுரை)



அக்டோபர் முதல் நாள் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் திருவிழா. பத்தாம் நாள் உலக மனநல நாள். நாட்காட்டியில் இவை அருகருகே வந்தது தற்செயல்தான். ஆனாலும் அந்தப் புனிதையின் சிறு வயதை அறிந்தவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே நினைக்கத் தோன்றும்.

தெரேசாவுக்கு நாலரை வயது இருக்கும்போது, 1877 ஆகஸ்டில், தாய் செலி இறந்தார். அக்கா பவுலினைத்தான் சிறுமி தன் இரண்டாம் தாயாக வரித்துக்கொண்டாள். 1882 அக்டோபரில் அந்த அக்காவும் லிசியே நகரின் கார்மேல் மடத்துக்குப் போய்விட்டார். அவர் போகப்போவதை யாரும் குழந்தையிடம் முன்கூட்டிப் பக்குவமாகச் சொல்லவில்லை. பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்துதான் அவளுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில் நோய் வந்தது. உடல் நடுங்கியது, அலறினாள், கண்டதையெல்லாம் பார்த்துப் பயந்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது.

வீட்டார் மருத்துவரை அழைத்தார்கள். தாய்மாமன் மருந்துக் கடை வைத்திருந்தவர், தாமதிக்கவில்லை. தந்தை லூயி மார்ட்டின், பாரிசிலுள்ள வெற்றியின் அன்னை ஆலயத்தில் மகளுக்காகத் திருப்பலிகள் ஒப்புக்கொடுக்கச் சொன்னார். 1883 மே 13 அன்று மாதா சுரூபத்தின் புன்னகையைக் கண்டு பிள்ளை குணமானதை நாம் எத்தனையோ மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். மருத்துவர் வந்து பார்த்ததை மட்டும் ஏனோ யாரும் சொல்வதில்லை. அந்த நோயில் தீயவனின் கை இருந்தது என்றே தெரேசா பின்னாளில் எழுதினார். அப்படி நினைத்த காலத்திலும், அப்படி நினைத்த குடும்பத்திலும், மருத்துவர் வாசல்படி ஏறியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அதே லூயி மார்ட்டின் 1889 முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கான் நகரில் ஒரு மனநல மருத்துவமனையில் இருந்தார். மகள்கள் ஒவ்வொருவராக மடத்துக்குப் போனதால்தான் அப்பனுக்கு இப்படி ஆயிற்று என்று ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி எங்கே? 2015-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ், செலியையும் லூயியையும் ஒரே நாளில் புனிதர்களாக உயர்த்தினார். மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர் பீடத்துக்கு உயர்ந்திருக்கிறார். 'நம் குடும்பத்துக்கு இது ஒரு கறை' என்று ஒளித்து வைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நேயர்களே, மாற்கு நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஒரு தந்தை தம் மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறார். முதலில் சீடர்களிடம் காட்டுகிறார், அவர்களால் முடியவில்லை. உடனே அங்கே ஒரு வாக்குவாதம். மறைநூல் அறிஞர் ஒரு பக்கம், சீடர்கள் ஒரு பக்கம், சுற்றிலும் கூட்டம். நோயாளிப் பிள்ளையை எல்லாரும் மறந்துவிட்டார்கள். இயேசு வந்ததும் தந்தையிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: இது வந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று. இன்று எந்த மருத்துவமனையில் சீட்டு வாங்கி உட்கார்ந்தாலும் முதலில் கேட்கப்படுவது அதே கேள்விதான். அந்தத் தந்தையின் பதிலையும் பாருங்கள்: சின்ன வயதிலிருந்தே, விழுகிறான், வாயில் நுரை தள்ளுகிறது, பல்லைக் கடிக்கிறான், உடம்பு விறைக்கிறது, நெருப்பிலும் தண்ணீரிலும் விழுந்திருக்கிறான். மறைக்காமல், கூட்டிக் குறைக்காமல், கண்டதைக் கண்டபடி சொல்கிறார். அவர் உதவி கேட்பதும் மகனுக்காக மட்டுமல்ல, 'எங்களுக்கு' என்று தம்மையும் சேர்த்தே கேட்கிறார். பிள்ளை நோயுற்ற வீட்டில் தாயும் தந்தையும் சேர்ந்தே நோகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளை ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. இரவில் விழித்துக் கிடக்கிறாள், காலையில் எழ முடியவில்லை. நன்றாகப் படித்தவள் மதிப்பெண் குறைகிறாள். பாடகர் குழுவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். முழங்கை வரை மூடிய சட்டையையே வெயிலிலும் போட்டுக்கொள்கிறாள். அப்பா சொல்கிறார், 'எல்லாம் இந்தப் போன் செய்த வேலை.' பாட்டி சொல்கிறார், 'சின்னப் பிள்ளைக்கு என்ன கவலை? கொழுப்பு.' பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், 'யாரோ கண் வைத்துவிட்டார்கள்.' ஒரு கயிறு கட்டுகிறார்கள். ஒரு குணமளிக்கும் கூட்டத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். திருத்தலத்தில் மூன்று நாள் தங்குகிறார்கள். ஆறு மாதம் போய்விடுகிறது. மருத்துவர் என்ற சொல் அந்த வீட்டில் வரவே இல்லை. வந்தாலும், 'நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது தெரிந்தால்?' என்ற ஒரு கேள்வியில் அது அடங்கிப்போகிறது.

இந்தப் பிள்ளைகள் ஏதோ அங்கொருவர் இங்கொருவர் அல்லர். 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, நம் நாட்டில் 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணக்கிட்டது. அறுபது பேர் உள்ள ஒரு வகுப்பறையில் நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கின் மறைக்கல்வி வகுப்பிலும் அதே கணக்குத்தான். பெரியவர்களிடம் காணப்படும் மனநோய்களில் பாதி, பதினான்கு வயதுக்குள்ளேயே தலைகாட்டத் தொடங்கிவிடுகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று காத்திருப்பதில் ஆபத்து இருக்கிறது. சில பிள்ளைகளுக்குச் சரியாகிவிடும், உண்மை. யாருக்குச் சரியாகும், யாருக்கு ஆகாது என்று வீட்டில் உட்கார்ந்து நம்மால் சொல்ல முடியாது.

செபம் வேண்டாம் என்று நாங்கள் சொல்கிறோமா? ஒருபோதும் இல்லை. சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. அவரைப் படைத்தவரும் ஆண்டவரே, மருந்தை மண்ணிலிருந்து தந்தவரும் அவரே என்கிறது. நோயுற்றவன் செபிக்கட்டும், அதோடு மருத்துவருக்கும் உரிய இடத்தைக் கொடுக்கட்டும் என்பதே அதன் வரிசை. பேய் ஓட்டுவதைப் பற்றியும் திருச்சபையின் நிலையைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இதில்தான் நம் மக்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கைச் செய்ய முடியாது. பொதுநிலையினர் செய்யவே கூடாது. மனநோய் என்பது முற்றிலும் வேறானது, அதைப் பார்க்க வேண்டியது மருத்துவம் என்று 1992-இல் வந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் வேறுபடுத்திச் சொல்கிறது. எனவே உங்கள் பிள்ளையை அடித்தோ, பட்டினி போட்டோ, கட்டி வைத்தோ 'ஓட்டுகிறேன்' என்று யாராவது சொன்னால், அவர் கையில் செபமாலை இருந்தாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கட்டி வைப்பதன் முடிவை நம் தமிழகம் பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியின்றி மாண்டார்கள். அதற்குப் பிறகு அந்தத் தர்காவிலேயே அரசின் மனநலச் சிகிச்சைக்கு இடம் தந்து, மருந்தும் மன்றாட்டும் சேர்ந்து நடக்க வழி செய்தார்கள். நம் திருத்தலங்களிலும் அப்படி ஒரு மருத்துவருக்கு ஓர் அறை ஒதுக்கினால் என்ன என்று நாங்கள் ஆசைப்படுகிறோம்.

சரி, எங்கே போவது? இதைத்தான் பலரும் கேட்கிறீர்கள். பெயர்ப்பலகையிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநோய் மருத்துவம் படித்தவர். மருந்து எழுதக்கூடியவர் அவர்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் சோதனைகள் செய்வார், பேச்சுவழிச் சிகிச்சை தருவார். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவெண்ணைக் கேட்பதில் தவறில்லை, நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் 'கவுன்சலர்' என்று பலகை மாட்டுகிறவர்களில் நன்றாகப் படித்தவர்களும் உண்டு, வார இறுதிப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்தவர்களும் உண்டு. குருக்களாகிய எங்களையும் இதில் சேர்த்தே சொல்கிறோம். குருமடத்தில் உளவியல் படித்திருக்கிறோம் என்பதற்காக நாங்கள் சிகிச்சை தருகிறவர்கள் ஆகிவிட மாட்டோம். பிள்ளை பேசுவதைக் கேட்போம், உடன் இருப்போம், உரியவரிடம் அனுப்பிவைப்போம்.

குழந்தைகளுக்கென்றே தனிப்பயிற்சி பெற்ற மனநல மருத்துவர்கள் நம்மிடம் மிகக் குறைவு. இருப்பவர்களும் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்சில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கென்றே தனித் துறை உண்டு. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் வளாகத்திலும் பிள்ளைகளுக்கான பிரிவு இருக்கிறது. ஆனால் பெங்களூருக்கோ வேலூருக்கோ போனால்தான் ஆயிற்று என்று நினைத்து, அதற்குப் பணம் சேரும் வரை காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநல மருத்துவர் பார்க்கிறார். தொடக்கம் அங்கேயே ஆகட்டும். மேல் இடத்துக்கு அனுப்ப வேண்டுமானால் அவர்களே கடிதம் தருவார்கள். பேச்சு வராத, கண்ணைப் பார்க்காத, ஓரிடத்தில் இருக்க முடியாத சின்னப் பிள்ளைகளுக்கு மாவட்ட இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து பரிசோதிக்கும் மருத்துவக் குழுவினரிடம் சொன்னாலும் அங்கே அனுப்பிவைப்பார்கள்.

எதுவும் புரியவில்லை, வெளியே சொல்லவும் தயக்கம் என்றால், 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்று பெயர். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழிலேயே பேசலாம். முதலில் ஓர் ஆலோசகர் கேட்பார். தேவையென்றால் மனநல மருத்துவரோடு இணைப்பார். பெற்றோரும் பேசலாம், ஆசிரியரும் பேசலாம், பிள்ளையே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசகர்கள் உண்டு. பொதுத்தேர்வு முடிவு வரும் நாட்களில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அது கைகொடுத்திருக்கிறது.

முதல் தடவை போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். அந்த நற்செய்தித் தந்தையைப் போலவே: எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, பள்ளியில் என்ன சொல்கிறார்கள், பிரசவத்தில் சிக்கல் இருந்ததா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, இப்போது என்ன மருந்து சாப்பிடுகிறது. நாட்டு மருந்து என்றாலும் எழுதுங்கள். வகுப்பாசிரியரிடம் இரண்டு வரி எழுதி வாங்கினால் மிகவும் நல்லது. 'கண் டாக்டரிடம் போகிறோம்' என்று பொய் சொல்லிப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். 'நீ கஷ்டப்படுகிறாய் என்று எங்களுக்குத் தெரிகிறது, உதவி செய்யத் தெரிந்தவரிடம் போவோம்' என்று சொன்னால் போதும். மருத்துவர் பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும் என்பார். வெளியே இருங்கள். திரும்பும் வழியில், 'என்ன சொன்னே? எங்களைப் பற்றி என்ன சொன்னே?' என்று பேருந்திலேயே விசாரணை வைக்காதீர்கள். (இது பல வீடுகளில் நடக்கிறது.)

மருந்து கொடுத்தால் அதற்கும் பொறுமை வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். தொடங்கிய முதல் வாரங்களில் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தவிப்பு அதிகமானால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நன்றாகிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை கொடுப்பார்கள் என்பதும் இல்லை. பல பிள்ளைகளுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையும் வீட்டிலும் பள்ளியிலும் சில மாற்றங்களுமே போதுமானவை.

'ஷாக் கொடுத்துவிடுவார்கள், பிடித்து அடைத்துவிடுவார்கள்' என்ற பயம் இன்னும் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு, பெற்றோரின் இசைவும் மனநல வாரியத்தின் முன் அனுமதியும் இல்லாமல் மின்அதிர்வுச் சிகிச்சை தர முடியாது. பிள்ளையை உள்நோயாளியாகச் சேர்ப்பதென்றால் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. பெற்றோரோ துணைக்கு ஒருவரோ உடன் தங்க வேண்டும். பெண் பிள்ளைக்குத் துணை பெண்ணாக இருக்க வேண்டும். சங்கிலி போடுவதற்கு எங்கும் அனுமதி இல்லை. நோயாளியின் விவரத்தை மருத்துவமனை வெளியே சொல்லவும் கூடாது.

இனி, சொல்லக் கஷ்டமான ஒன்று. பிள்ளை 'நான் செத்துப்போகலாம்' என்று விளையாட்டாகச் சொன்னாலும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். கேட்கப்பட்ட பிள்ளைக்குப் பாரம் குறையத்தான் செய்யும். அன்று இரவு தனியாக விடாதீர்கள். வயலுக்கு அடிக்கும் மருந்து, வீட்டு மாத்திரைகள் எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள், முடிந்தால் வீட்டைவிட்டே அகற்றுங்கள். ஏதாவது செய்துகொண்டுவிட்டால் நேராக அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு, 108-ஐ அழைத்துப் போங்கள். போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து வீட்டிலேயே வைத்துக்கொண்டு உயிரை இழந்தவர்கள் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று மேலே சொன்ன சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது.

இப்படி ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். உங்களுக்காக ஒன்று: தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அடக்கத் திருப்பலி மறுத்த பழைய விதி 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் இருந்தது. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பில் அது இல்லை. கடும் மனநோயும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கின்றன என்று மறைக்கல்வி நூல் கூறுகிறது. அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது. கல்லறைத் தோட்டத்தின் மூலையில் ஒதுக்குப்புறமாக இடம் காட்டும் வழக்கம் இன்னும் எங்காவது இருந்தால் அது திருச்சபையின் வழக்கம் அல்ல.

திடீரென்று ஒடுங்கிப்போன பிள்ளைக்குப் பின்னால், யாரோ ஒருவர் அதன் உடலைத் தொட்ட கொடுமை இருக்கக்கூடும். உறவினராக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், கோவிலைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். பிள்ளை சொன்னால் நம்புங்கள். 1098 என்ற எண்ணில் சொல்லுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர்கள் புகார் சொல்லியே ஆக வேண்டும். பங்குப் பேரவையில் பேசி முடித்துக்கொள்ளும் காரியம் இது அல்ல.

பங்காக நாம் என்ன செய்யலாம்? மருத்துவமனைக்கு ஒரு தடவை போய்வரக் கூலிவேலை செய்கிற ஒரு தாய்க்கு ஒருநாள் சம்பளம் போகிறது, இருவருக்குப் பேருந்துக் கட்டணம் ஆகிறது. மாதம் ஒருமுறை வரச் சொன்னால் மூன்றாவது மாதம் நின்றுவிடுகிறார். மருந்து பலன் தரத் தொடங்கும் நேரத்தில் சிகிச்சை நின்றுபோகிறது. வின்சென்ட் தே பவுல் சபையார் வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் உதவுகிறார்கள்; இந்தப் பேருந்துக் கட்டணத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாமே, ரகசியமாகவே. அன்பியத்தில் ஒருவர், அந்தத் தாய் மருத்துவமனைக்குப் போகும் நாளில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பிலேயே விடுதியில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளை, தகப்பன் வளைகுடாவிலும் தாய் வேலைவீட்டிலும் இருக்கப் பாட்டியிடம் வளரும் பிள்ளைகளை, விடுதி நடத்தும் அருள்சகோதரிகள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கலாம். தாயைப் பிரிந்த பத்து வயதுப் பிள்ளையின் உடம்பு எப்படி நடுங்கும் என்பதற்கு நம் திருச்சபை வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. மறைக்கல்வி ஆசிரியர்கள், மூன்று ஞாயிறு வராத பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையில் குறிப்பதோடு விடாமல், வீட்டுக்கு ஒரு நடை போய்வரலாம். போகும்போது அறிவுரை கொண்டுபோக வேண்டாம்.

நிகழ்ச்சியின் நேரம் முடிகிறது. பேனாவைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்காக எண்களை மறுபடியும் நிதானமாகச் சொல்கிறோம். மனநல உதவிக்கு 14416. தமிழக அரசின் மருத்துவ ஆலோசனைக்கு 104. குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. மூன்றையும் வீட்டு நாட்காட்டியின் ஓரத்தில், பிள்ளைகளின் கண்ணில் படும் இடத்தில் எழுதி வையுங்கள்.